ஆட்சேபணை ஏதுமிருப்பின்

தமிழில் விமர்சனம் இன்னும் எட்டிப் பார்க்காத எழுத்து வகை ஒன்று உண்டென்றால், அது அரசாங்க அறிவிப்பு. கவிதைக்காகச் சண்டை போடுகிறோம், நாவலுக்காக நட்பை முறித்துக்கொள்கிறோம், இரண்டு வரி முகநூல் பதிவுக்கு நான்கு பக்க எதிர்வினை எழுதுகிறோம். ஆனால் கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளை, அதன் வாக்கிய அமைப்புக்காகவோ, அதில் பேசுவது யார், அது யாரிடம் பேசுகிறது என்பதற்காகவோ யாரும் வாசித்து நான் பார்த்ததில்லை.

நான் இருப்பது படப்பை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் மேற்கே போனால் ஒரகடம், வடக்கே திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர். இங்கே புத்தகக் கடைகள் குறைவு, அறிவிப்புகள் ஏராளம். ஊராட்சிப் பலகையில், ரேஷன் கடைக் கதவில், சார்பதிவாளர் அலுவலகத் தூணில், தொழிற்சாலை வாசலில் பூட்டு போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள், எங்கும் தாள்கள். கண்ணில் பட்டதையெல்லாம் கைபேசியில் படம் எடுத்து வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. திரும்பத் திரும்ப வாசித்ததில் பிடிபட்டது ஒன்று: இந்த எழுத்து வாசகரை அடைவதற்காக எழுதப்படுவது மிகக் குறைவு. ‘உங்களுக்குத்தான் முன்னாடியே சொல்லியாச்சே’ என்று பிறகொரு நாள் காட்டுவதற்காகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது.

சிறுகதை புரியாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அறிவிப்பு புரியாவிட்டால், அதில் குறித்த நாள் தாண்டியதும் நம் மௌனம் சம்மதமாகக் கணக்கில் ஏறிவிடும். இலக்கிய இதழில் இதைப் பேச எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

1

முதலில் நடை. நில எடுப்பு அறிவிப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எழுவாயைத் தேடினால் கிடைக்காது. நிலம் ‘தேவைப்படுகிறது’. ‘கையகப்படுத்த உத்தேசிக்கப்பட்டுள்ளது’. ஆட்சேபணை ‘வரவேற்கப்படுகிறது’. யாருக்குத் தேவை, யார் உத்தேசித்தார், யார் வரவேற்கிறார்? தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று சொல்வார்கள். ‘வந்தேன்’ என்றால் ‘நான்’ தோன்றாமலே தெரியும். அறிவிப்பின் எழுவாய் அந்த வகையிலும் சேராது. அடியில் ‘கீழ்க் கையொப்பமிட்டுள்ளவர்’ என்று ஒருவர் வருவார். பெயரைவிட பதவி பெரிதாக இருக்கும். அடுத்த மாதம் அவர் இடமாறிப் போனாலும் வாக்கியம் அப்படியே நிற்கும்.

அடுத்து, ஊர்க்காரருக்குத் தெரிந்த எந்தப் பெயரும் அதில் இருக்காது. களத்துமேடு, ஏரிக்கரை, பனந்தோப்பு எல்லாம் புல எண்ணாகிவிடும். ஆடு மாடு மேய்ந்த இடம் மேய்க்கால் புறம்போக்கு. இருக்கும் வீடு கிராம நத்தம். அளவோ ஹெக்டேரிலும் ஏரிலும் வரும். எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருமுறை தன் தம்பி வீட்டுக்கு வந்த தாளைக் கொண்டுவந்து காட்டினார். “தம்பி, இதுல இன்னா போட்டுக்கிறாங்க? நம்முது எவ்ளோ போவுது?” தாளில் 0.32.50 என்று இருந்தது. அவருக்குத் தெரிந்தது காணியும் சென்ட்டும்தான். 32.5 ஏர் என்றால் கிட்டத்தட்ட 80 சென்ட். “எம்பது சென்ட்டுன்னு போட வேண்டியதுதானே, பூச்சியத்த ஏன் முன்னாடி வச்சிக்கிறாங்க?” என்றார். அந்தப் பிரதி மீது நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அதுதான். முன்னால் நிற்கிற பூச்சியம் நிலத்தை இல்லாததுபோல் ஆக்கிவிடுகிறது.

சிப்காட் போன்ற தொழில் தேவைகளுக்கான நிலம் இங்கே பெரும்பாலும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின்படி எடுக்கப்படுகிறது. நிலத்துக்காரருக்கு முதலில் அறிவிப்பு கொடுத்து, ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் கேட்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் இருக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது எடுப்பதற்கு முன் ஊருக்குப் போய் ‘எடுத்தால் உங்களுக்கு என்ன ஆகும்’ என்று கேட்கும் கட்டம், இதில் கிடையாது. அதனால் அந்தத் தாளின் கனம் கூடிவிடுகிறது. ஊர் அரசிடம் பேசக் கிடைக்கும் வாசல் அந்தத் தாள்தான். அந்த வாசலில்தான் எழுவாய் இல்லாத வாக்கியமும் பூச்சியமும் நிற்கின்றன.

2

இதற்கு முன்னால் வேறு ஒரு வடிவம் இருந்தது: தண்டோரா. ‘இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்’ என்ற தொடக்கத்தை இன்றும் கேலியாகவாவது நாம் சொல்கிறோம். ஒலியாக வந்த அறிவிப்பு அது. தெருமுனையில் நின்று சொல்பவரிடம் ‘இன்னாப்பா, எந்தத் தேதி?’ என்று அங்கேயே திருப்பிக் கேட்கலாம்.

சினிமாவில் பார்த்து ஏங்க இதில் ஒன்றுமில்லை. பறையடித்து ஊர் சுற்றும் வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஊர்த்தெருவுக்குள் மற்ற நாளில் செருப்போடு நடக்க விடாத மனிதரை, அரசின் சொல்லைச் சுமக்க மட்டும் அதே தெருவுக்குள் அனுப்பினார்கள். 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்த பிறகு இதற்கு என்ன தேவை என்ற கேள்வி அதில் இருந்தது. சரியான முடிவு, மிகத் தாமதமாக வந்த முடிவு.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை எப்படி அறிவிக்க வேண்டும் என்று ஒரு பிற்சேர்க்கை இருக்கிறது. குறைந்தது 30 நாள் முன்னதாக, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் தர வேண்டும். நாளிதழ் போகாத இடங்களில் பறையடித்தும், வானொலி, தொலைக்காட்சி மூலமும் தெரிவிக்க வேண்டும். 21ஆம் நூற்றாண்டின் சட்ட உரைநடைக்குள் பறை ஒலிக்கிறது. யார் அடிப்பது என்று அங்கும் எழுவாய் இல்லை.

ஆனால் அந்த வரிக்குப் பின்னால் ஒரு நல்ல சந்தேகமும் இருக்கிறது: அச்சிட்டால் மட்டும் போதுமா, காதுக்குப் போய்ச் சேர வேண்டாமா? பறையை விட்டது சரி. அதோடு இந்தச் சந்தேகத்தையும் விட்டுவிட்டோம்.

3

சொல்லாத சட்டம் சட்டமாகுமா என்ற கேள்வி, குடியரசான அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923இல் அமைச்சரவை ஒரு தீர்மானம் போட்டு அபின் சட்டம் இயற்றியது. அதை வெளியிடவே இல்லை. அந்தச் சட்டத்தின்கீழ் ஹர்லா என்பவருக்கு 50 ரூபாய் அபராதம். 1951இல் தீர்ப்பெழுதிய நீதிபதி விவியன் போஸ், மக்கள் பார்க்கவும் கேட்கவும் வழியில்லாத ஒரு தீர்மானத்தை வைத்து அவர்களைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்றார். ஹர்லா தப்பித்தார்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சிரிப்பான இணை உண்டு. 1930களின் எண்ணெய்க் கட்டுப்பாட்டு விதி ஒன்றை மீறியதாக அரசு வழக்கு நடத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான், அந்த விதி ஒரு திருத்தத்தின்போது தவறுதலாக நீக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. இல்லாத விதியைத்தான் இரு தரப்பும் பிடித்துக்கொண்டிருந்தன. மத்தியத் துறைகளின் விதிகளையெல்லாம் ஒரே இடத்தில் அச்சிட ஆள் இல்லாததன் விளைவு. 1935இல் அதற்கென்று ஒரு சட்டம் போட்டு, 1936 மார்ச்சில் ‘ஃபெடரல் ரெஜிஸ்டர்’ என்ற அன்றாட அரசிதழைத் தொடங்கினார்கள்.

ஆக, வெளியிடு என்று நீதிமன்றமும் சொன்னது, அனுபவமும் சொன்னது. நாமும் வெளியிடுகிறோம். ஆனால் நம்மிடம் 1897ஆம் ஆண்டின் பொது வகையுறுப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு விதியை முன்கூட்டி வெளியிட வேண்டும் என்று மூலச் சட்டம் சொன்னால், வரைவை வெளியிட்டு, ஒரு தேதி குறித்து, வரும் ஆட்சேபணைகளைப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது அதன் 23ஆம் பிரிவு. அதே பிரிவின் கடைசி உட்பிரிவு, இப்படி முன்கூட்டி வெளியிட்ட பிறகு இயற்றப்பட்டதாகச் சொல்லிக்கொண்டு ஒரு விதி அரசிதழில் வந்துவிட்டால், அது முறைப்படிதான் இயற்றப்பட்டது என்பதற்கு அதுவே முடிவான சான்று என்கிறது.

மெதுவாக வாசியுங்கள். அரசிதழில் வந்ததே அது ஒழுங்காக நடந்ததற்குச் சான்று. ஹர்லாவுக்காகக் கேட்கப்பட்ட ‘மக்களுக்குத் தெரியுமா?’ என்ற கேள்வி, இங்கே ‘அச்சாகிவிட்டதா?’ என்று சுருங்கிவிடுகிறது. நான் மேலே சொன்ன நடை எங்கிருந்து வருகிறது என்பதும் இப்போது புரியும். அச்சாவதே சான்று என்றால், அச்சில் இருப்பது யாருக்காவது புரிய வேண்டும் என்ற கட்டாயம் எழுதுபவருக்கு இல்லை.

4

2020இல் இது நாடே பார்க்கும்படி வெடித்தது. 2006 அறிவிக்கையை மாற்றும் புதிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு, ஊரடங்குக்கு நடுவே ஏப்ரல் 11 அன்று அரசிதழில் வந்தது. 60 நாளுக்குள் கருத்து சொல்லலாம். இருந்த மொழிகள் ஆங்கிலமும் இந்தியும். தேதியை நீட்டிக்கக் கோரிய வழக்கில், ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் அதை 10 நாளுக்குள் மொழிபெயர்க்கச் சொல்லி, கடைசித் தேதியை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. மத்திய அரசு உச்ச நீதிமன்றம் போனது. அறிவிக்கைகளுக்கு இந்தியும் ஆங்கிலமும் போதும் என்பதுதான் ஆட்சிமொழிச் சட்டம் என்று வாதாடியது.

சட்டப்படி அந்த வாதம் ஆகாயத்திலிருந்து வரவில்லை. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், மத்திய அரசின் விதிகள், அறிவிக்கைகள் எல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. அதன்கீழ் 1976இல் வந்த ஆட்சிமொழி விதிகளின் தொடக்கத்திலேயே நமக்குப் பெருமை தரும் ஒரு வரி உண்டு: இந்த விதிகள் தமிழ்நாடு தவிர இந்தியா முழுமைக்கும் பொருந்தும். மொழிப்போரின் தழும்பு அந்த ‘தவிர’. நண்பர்களோடு பேசும்போது நானும் அதைப் பெருமையாகச் சொல்வதுண்டு.

ஆனால் ஒரு பிரதியாக வாசித்தால் அந்த ‘தவிர’ பாதி வாக்கியம். இந்தி வராது என்று சொல்கிறது. தமிழ் வரும் என்று சொல்லவில்லை. காலியான இடத்தில் ஆங்கிலம் உட்கார்ந்திருக்கிறது. ஒரகடத்துக்குக் காற்றும் தண்ணீரும் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற மத்திய வரைவு, படப்பையில் இருப்பவருக்கு ஆங்கிலத்தில் கிடைக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவருக்கும் அது எளிதில்லை. ஒரு வாக்கியம் பத்து வரி ஓடும், நடுவே நான்கு ‘இருப்பினும்’, இரண்டு ‘மேற்படி’. நாம் தமிழில் செய்வதும் பெரும்பாலும் அந்த ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கிடத்துவதுதான். ஆட்சித் தமிழ் என்ற பெயரில் நம் மேசைக்கு வருவது பாதி நேரம் ஆங்கிலத்தின் எலும்புக்கூடு.

5

இதே அரசிடமிருந்து, வாசகரை நன்றாக அறிந்த ஒரு வாக்கியமும் வந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 108ஆம் பிரிவு. தொழிற்சாலையில் வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், அங்குள்ள தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும். பிரதான வாசலிலோ அதன் அருகிலோ, கண்ணில் படும் வசதியான இடத்தில் வைக்க வேண்டும். சுத்தமாகவும் வாசிக்கும்படியும் பராமரிக்க வேண்டும்.

மொழி, இடம், எழுத்தின் தெளிவு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ‘ஆட்சிமொழி’ என்று சொல்லாமல் ‘புரிகிற மொழி’ என்கிறது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டமும் இதே தொடரைப் பயன்படுத்தியது. வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை பற்றி நிர்வாகம் தரும் வரைவைத் தொழிற்சங்கத்துக்கோ தொழிலாளர்களுக்கோ அனுப்பி, 15 நாளுக்குள் ஆட்சேபணை கேட்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21இல் நான்கு தொழிலாளர் தொகுப்புகள் அமலுக்கு வந்து இந்தப் பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்துவிட்டன. பழைய சட்டத்தின் எந்த வாக்கியம் காப்பாற்றப்பட வேண்டியது என்று கேட்டால், நான் 108ஐத்தான் காட்டுவேன்.

காட்டிவிட்டு, அதையும் கேள்வி கேட்பேன். பெரும்பான்மை என்றால் யார்? ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்றால் ஒடியா, இந்தி, வங்காளம், அசாமியம், மதுரைத் தமிழ், தஞ்சாவூர்த் தமிழ் எல்லாம் காதில் விழும். ஒப்பந்தத் தொழிலாளி யார் கணக்கில் வருகிறார் என்பதே தகராறு. தமிழ் பெரும்பான்மை மொழியாக இருக்கிற வாசலில், கிளம்பிக்கொண்டிருக்கும் கம்பெனி பஸ்ஸைப் பார்த்தபடி தமிழ்ப் பலகை முன் நிற்கும் ஒடிசாப் பையன், ஆங்கில அரசிதழின் முன் நிற்கும் நம் பெரியம்மாதான். 1976 விதியின் ‘தவிர’யில் பெருமைப்படும் நாம், அவனுக்கு ஒடியாவில் ஒரு தாள் ஒட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா? நம் மொழிக்காகக் கேட்ட நியாயம் அவன் மொழிக்கும் செல்லாவிட்டால், நாம் கேட்டது நியாயமில்லை, வெறும் இடம்.

6

புரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கேயே சாட்சி இருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை, தொழிற்சாலைகள் சட்டத்தில் 65அ என்று ஒரு பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. பார்த்தால் சாதுவான வாக்கியம். குறிப்பிட்ட சில பிரிவுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு அரசு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கலாம் என்பதுதான் அதன் வடிவம். 51, 52, 54, 55, 56, 59 என்று எண்களின் வரிசை. பார்க்கிற யாருக்கும் தூக்கம் வரும்.

தொழிற்சங்கத்துக்காரர்கள் அந்த எண்களைப் பிரித்து வாசித்தார்கள். 51 என்பது வாரத்துக்கு 48 மணி நேரம். 52 வார விடுமுறை. 54 ஒரு நாளைக்கு 9 மணி நேரம். 55 இடைவேளை. 56 வேலை நாளின் மொத்த நீளம். 59 மிகைநேரச் சம்பளம். இப்படிப் பிரித்ததும் எண்கள் உடம்பாகிவிட்டன. ‘12 மணி நேர வேலை’ என்ற நான்கு சொற்களாகச் சுருங்கி, அது டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. ஏப்ரல் 24 அன்று மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

நிறைவேறியதிலிருந்து நிறுத்திவைத்தது வரை 3 நாள். தெருவில் இறங்கும் பலம் சங்கங்களுக்கு இருந்ததை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பலம் திரண்டது ஒரு வாசிப்பின் மேல்தான். எண்ணை எடுத்து அதற்குள் இருக்கும் மனிதரைக் காட்டுவது விமர்சனத்தின் மிகப் பழைய வேலை. அதைச் செய்தவர்கள் தங்களை விமர்சகர்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எல்லா வாசிப்பும் இப்படி ஜெயிப்பதில்லை. இதே மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். அறிவிப்புக்கு ஊர் எழுதும் பதில் இலக்கியம் என்று ஒன்றிருந்தால் அந்தத் தீர்மானங்கள்தான். அதன் பிறகும் நில எடுப்பு அறிவிக்கைகள் வந்துகொண்டுதான் இருந்தன. அறிவிப்பு ஆட்சேபணை கேட்கிறது. ஆனால் வந்த ஆட்சேபணைக்கு ‘நீங்கள் சொன்னது இது, நாங்கள் ஏற்காத காரணம் இது’ என்று ஊருக்குப் புரிகிற பதிலைப் பலகையில் ஒட்டி நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம், கருத்து கேட்டு இயற்றும் விதியோடு அதன் அடிப்படையையும் நோக்கத்தையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்கிறது. முக்கியமான ஆட்சேபணைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றங்கள் அதை வளர்த்தெடுத்தன. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. பதில் சொல்லும் கடமை இருந்தால், கேள்வியையும் புரியும்படி எழுதித்தான் ஆக வேண்டும்.

இந்த இதழை வாசிக்கும் உங்களுக்குக் கடினமான பிரதி பயமில்லை. நான்கு முறை வாசித்தும் பிடிபடாத கவிதையோடு ஒரு இரவு மல்லுக்கட்டுகிறவர்கள் நீங்கள். அந்தப் பொறுமையில் அரை மணி நேரத்தை உங்கள் ஊர்ப் பலகைக்குக் கொடுங்கள். ஒளிந்திருக்கும் எழுவாயைக் கண்டுபிடியுங்கள். ஹெக்டேரை சென்ட்டாக்குங்கள், பிரிவு எண்ணை மணி நேரமாக்குங்கள், கடைசித் தேதியை வட்டம் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் பேச்சில் சொல்லுங்கள். பக்கத்து அறையில் இருப்பவர் ஒடியாக்காரர் என்றால், அந்த மொழி தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். ‘ஆட்சேபணை ஏதுமிருப்பின்’ என்று வரும் இடத்தில், இருந்தால் எழுதி, தேதி போட்டுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களிடம் ஒரு சான்று இருக்கிறது, நம்மிடமும் ஒன்று இருக்கட்டும்.